பஸ்ஸில் கேட்ட சரணம்

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் தனியார் பஸ். பிற்பகல் நேரம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. சுருட்டிக் கட்டிய ஜன்னல் படுதாவிலிருந்து சொட்டுச் சொட்டாக என் முழங்கையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நனைந்த தலைமுடி, மல்லிகைப் பூ, டீசல் எல்லாம் கலந்த வாடை. நிற்க இடமில்லாத கூட்டம்.

என் மடி காலியாக இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மடியில் ஒரு பிள்ளை இருக்கும், அதன் வயிற்றைச் சுற்றி என் இரண்டு கையும் இருக்கும் என்று பழகிப்போயிருந்தது.

"ஏம்மா? எல்லாரும் கேட்டுக்கிட்டு வர்றாங்களே" என்றார் கண்டக்டர்.

"தலை வலிக்குது."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் குறுக்கிட்டார்: "புள்ளைய ஏரோப்ளேன்ல ஏத்தி விட்டுட்டு வர்றோம் தம்பி. இது அதுக்குப் புடிச்ச பாட்டு. அதான்."

கண்டக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இதோ சொல்றேம்மா" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவர் பக்கம் நகர ஆரம்பித்தார்.

அவர் டிரைவரிடம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பாட்டைப் பற்றியும் அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

பட்டுப்பாவாடையில் நடவு

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு ஒலிக்காத இடம் கிடையாது. டீக்கடை, கல்யாண வீடு, கோயில் திருவிழா ஒலிபெருக்கி, மன்னார்குடி பந்தலடியில் இருந்த கேசட் கடை, எங்கே போனாலும் அதுதான். படம் சுமார்தான். பாட்டுக்காகவே ஓடியது.

படத்தில் அந்தப் பாட்டு வரும் இடம் இருக்கிறதே, அதைப் பார்த்து எங்கள் தியேட்டரே சிரித்தது. கதாநாயகி வயலில் நாற்று நடுகிறாள். பட்டுப்பாவாடை, முழங்கை வரை வளையல், உதட்டுச் சாயம். கதாநாயகன் வரப்பில் உருண்டு புரண்டு அவளைத் துரத்துகிறான். என் பின்னால் உட்கார்ந்திருந்த நடவாள் ஒருத்தி, "யாருடி இவ, நட்ட நாத்தையெல்லாம் இடுப்பாலயே இடிச்சுச் சாய்ச்சுப்புடுவா போலருக்கே" என்று சத்தமாகவே சொன்னாள்.

ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. பல்லவி இப்படித் தொடங்கும்:

*ஆத்துக்கெல்லாம் பேரு உண்டு, தண்ணிக்கின்னு பேரு இல்ல,*
*ஆசைக்கெல்லாம் கணக்கு உண்டு, அன்புக்கின்னு கணக்கு இல்ல.*

சரணத்தில் இரண்டு வரி:

*வந்த தண்ணி நிக்காது, வாய்க்கா அத மறிக்காது,*
*போன தண்ணி திரும்பாது, போன இடம் பச்சையடி.*

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சரணத்தைக் கேட்டாலே கோபம் வரும். அவர் விவசாயி. எங்கள் நிலம் இருப்பது மன்னார்குடிக்குக் கிழக்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. "மறிக்காதாமே! மேல உள்ளவன்லாம் மறிச்சு மறிச்சு எடுத்துக்கிறதாலதானே நாம வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். இதை எழுதுனவன் வாய்க்கால் பக்கமே வந்ததில்ல" என்பார். சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது அதே வரியைத்தான் முணுமுணுப்பார்.

நான் அதைச் சினிமாப் பாட்டாகத்தான் கேட்டேன். ஒருத்தன் ஒருத்தியைப் பார்த்துப் பாடுகிறான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன் அம்மா

என் தம்பி குமார் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருந்தான். ஏ.சி. மெக்கானிக். அவன் மனைவி கலா நர்ஸ். எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போன முதல் பெண் அவள்தான். அதுவரை ஆண்கள்தான் போவார்கள். பெண்கள் வாசலில் நின்று தபால்காரரைப் பார்ப்பார்கள்.

கலாவுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது அவள் மகள் அபிராமி தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. நர்சுகள் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. குமார் இருந்த அறையிலோ அவனைப் போல இன்னும் பல ஆண்கள். கொஞ்ச நாள் சமாளித்தால் குடும்பத்தோடு இருக்க வீடு கொடுப்பார்கள், அதுவரைக்கும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது.

எனக்குக் குழந்தை இல்லை. தஞ்சாவூர் டாக்டர்கள், வேளாங்கண்ணி மெழுகுவத்தி, நாகூர் சர்க்கரை, எங்கள் ஊர்க் கோயில் தொட்டில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கையை நீட்டினேன். கலா பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். கல்மனசுக்காரி என்று அப்போது நினைத்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் அவளால் போயிருக்க முடியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அபி என் வீட்டில் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். முதலில் பேசிய சொல் "அம்மா." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை. அந்த வயதுப் பிள்ளையிடம் என்னவென்று திருத்துவது?

மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். அபி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். "யாருடி பேசுறா?" என்று கேட்டால், "போன் அம்மா" என்பாள். கலாவுக்கு அதுதான் பெயர். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதே சொல்லை மஸ்கட்டில் கலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளா என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பாட்டு அபிக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்ல முடியாது. கலாவுக்கு லீவு கிடைக்காமல் குமார் மட்டும் வந்தபோது கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் அதைப் போட்டால் எழுந்து நின்று ஆடுவாள். தூங்க வைக்கவும் அதுவேதான். நான் மெதுவாக இழுத்துப் பாடவேண்டும். "போன இடம் பச்சையடி" என்று வரும்போது அந்த "டி"யைத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு "ம்" என்பாள். அந்த "ம்" தேயத் தேய அவள் தூங்கிப்போவாள்.

ஜெய்புவின் கட்சி

போன் இருந்த பக்கத்து வீடு ஜெய்புன்னிசாவுடையது. எனக்கு ஜெய்பு. என்னைவிடக் கொஞ்சம் இளையவள். கணவர் சவூதியில் தம்மாமில் கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு பெருநாளைக் கொண்டாடிவிட்டுப் போவார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜெய்பு மத்தியானத்தில் துணியோடு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்து போவாள்.

ஒருநாள் டேப்பில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அபி ஆடிக்கொண்டிருந்தாள். ஜெய்பு ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டே, "விஜயாக்கா, இது படைச்சவனைப் பத்துன பாட்டு, தெரியுமா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "படத்தைப் பாத்தியா நீ? அவ இடுப்பை ஆட்டுறதைப் பாத்தா எந்தச் சாமியும் பக்கத்துல வராது."

"படத்தை விடுங்க. வார்த்தையப் பாருங்க. ஆத்துக்கெல்லாம் பேரு உண்டு, தண்ணிக்குப் பேரு இல்ல. இங்க இது பாமணி ஆறு, அங்க அது வெண்ணாறு, வெட்டாறு. தண்ணி ஒண்ணுதானே?"

"அது சரி. அன்புக்கின்னு கணக்கு இல்லங்குறானே, அது?"

ஜெய்பு ஊசியை நிறுத்தினாள். "நாம யாருக்கு என்ன செஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடுதுல்ல. நான் இத்தனை வருசமா இவருக்காகக் காத்துக்கெடக்கேன், இவரு எனக்கு என்ன செஞ்சாருன்னு எனக்கு ஓடும். உங்களுக்கும் ஓடும். கணக்கே இல்லாம கொடுக்கிறது அவன் ஒருத்தன்தான். மழைக்கு யாராவது அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறோமா?"

"பாட்டு எழுதுனவரு இதையெல்லாமா நெனச்சிருப்பாரு?"

"அவரு என்ன நெனச்சா நமக்கு என்ன? எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப அது என் காதுல வந்து விழுகுது. எனக்கு என்ன கேக்குதோ அதுதான்."

எனக்கு அவள் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் ஒட்டவில்லை. எங்கள் கோயில் மண்டபத்தில் மார்கழி மாதம் உபன்யாசம் செய்ய வருகிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள். பற்றில்லாமல் அன்பு செய் என்பார்கள். பற்று இல்லையென்றால் அது அன்பா, உபசாரமா என்று எனக்குத் தோன்றும். சாமியிடம் நான் பேசிய பேச்செல்லாம் "கொடு" என்பதோடு சரி. அபி வந்த பிறகு "எடுத்துக்கொள்ளாதே" என்று மாற்றிக்கொண்டேன்.

"நீயே சொல்லுக்கா"

ஒரு வெள்ளிக்கிழமை போனில் குமார் சொன்னான், வீடு கிடைத்துவிட்டது என்று. குடும்ப விசாவும் வந்துவிட்டது. அபிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. வந்து அழைத்துப் போகிறோம் என்றான்.

ரிசீவரை வைத்துவிட்டு நான் ஜெய்பு வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வந்தார்கள். அபி அவர்களை வேடிக்கை பார்த்தாள். குமாரிடம் கொஞ்சம் ஒட்டினாள், கலாவிடம் போகவேயில்லை. கலா சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள். என்னிடம் காட்டி, "போன் அம்மா கொடுத்தாங்க" என்பாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற கலாவுக்கு அது கேட்கும்.

உறவுக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். "அவங்களுக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பொறக்கும். இதை உனக்கே விட்டுடச் சொல்லு. தம்பிதானே, மாட்டேன்னா சொல்லுவான்?" என்றார் என் சித்தி. இதை அவர் சொல்வதற்கு முன்பே நான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

மறுநாள் குமாரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு பிடி வைக்கோலை எடுத்துச் சும்மா ஒரு தட்டைத் தேய்த்தான்.

"அக்கா, எனக்குப் பேசத் தெரியல. அவ உன்னைத்தான் அம்மாங்குறா. கூட்டிட்டுப் போக வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுட்டுப் போயிடுறோம். கலாகிட்ட நான் பேசிக்கிறேன். நீயே சொல்லுக்கா."

நான் கேட்க நினைத்ததைக் கேட்காமலே கையில் கொடுத்துவிட்டான். "பார்க்கலாம்" என்று எழுந்து உள்ளே போனேன்.

உள்ளே கலா சீப்போடு நின்றுகொண்டிருந்தாள். அபிக்குத் தலை வாரிவிட முயன்றிருக்கிறாள். அபி கத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சீப்பில் இரண்டு மூன்று முடி சிக்கியிருந்தது. கலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமா வகிடு எடுத்தா அவளுக்குப் பிடிக்காது, கலா" என்றேன்.

"எனக்கு அது தெரியல பாருங்க அண்ணி." என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "அங்க எனக்குக் குழந்தைங்க வார்டுலதான் டூட்டி. யார் யாரு பிள்ளைக்கோ மருந்து கொடுக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு சார்ட்டைப் பாக்காமலே சொல்லுவேன். என் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது, கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கே கொடுத்துவிடு என்று கேட்டிருப்பேனோ என்னவோ. அவள் சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். எறியக்கூட மனசு வரவில்லை.

"கத்தரிக்காய் ஒத்துக்காது" என்றேன். "தடிச்சுப்போகும். மாத்திரையில எதுவும் அப்படி இல்ல."

கலா என்னைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

இதை நான் பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். சரியான காரியம் என்று புத்திக்குத் தெரிந்தது, வாய் சொல்லிவிட்டது. மனசு வரவில்லை. அது கட்டிலுக்கு அடியில் அபியோடு உட்கார்ந்திருந்தது.

அவர்கள் கிளம்பும் வரை அபிக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அவங்கதான் அம்மா. நான் அத்தை." அவள் பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோலச் சிரிப்பாள். "நீ அம்மா. அவங்க போன் அம்மா" என்று எனக்குப் பாடம் நடத்துவாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

திருச்சி விமான நிலையம் அப்போது சின்னது. கொழும்பு போய், அங்கிருந்து மஸ்கட். வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கவேண்டும். கம்பளி, ஊறுகாய் பாட்டில், மீசை வைத்த புது மாப்பிள்ளைகள், முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள். பாதிப் பேர் எங்கள் ஜில்லா.

அபி உள்ளே போகும்வரை அழவில்லை. ஏரோப்ளேனைப் பார்க்கப் போகிற சந்தோஷம். நானும் கூடவே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு மூடியதும் திரும்பிப் பார்த்தாள். "வா" என்று கையை ஆட்டினாள். நான் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வாய் பெரிதாகத் திறந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கலா அவளைத் தூக்கிக்கொண்டாள். அபி அவள் தோளில் குத்தினாள். கலா குத்து வாங்கிக்கொண்டே உள்ளே போனாள்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

கண்டக்டர் கூட்டத்தில் பாதி தூரம்தான் போயிருந்தார். யாரோ ஒரு பாட்டி சில்லறைக்காக அவரைப் பிடித்து வைத்திருந்தார். பல்லவி முடிந்து நாதஸ்வரம் கொஞ்சம் வாசித்து, சரணம் வந்துவிட்டது.

*வந்த தண்ணி நிக்காது, வாய்க்கா அத மறிக்காது.*

நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன். வடுவூர் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சம்பா நட்டு வேர்பிடித்த வயல். மழை கழுவிவிட்ட பச்சை.

*போன தண்ணி திரும்பாது, போன இடம் பச்சையடி.*

எத்தனையோ முறை என் வாயாலேயே பாடிய வரி. பாடியபோதெல்லாம் எனக்கு முதல் பாதிதான் கேட்டிருக்கிறது. போன தண்ணி திரும்பாது. பிரிவைப் பற்றிய பாட்டு என்று நினைத்தேன். கரையில் நின்றுகொண்டு போகிற தண்ணீரைப் பார்க்கிற ஆளாகவே நான் அதைக் கேட்டேன். அது போய்ச் சேர்கிற இடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஜன்னலில் தெரிந்த பச்சை எங்கிருந்தோ வந்த தண்ணீர். எந்தெந்த ஆறோ, எந்தெந்த வாய்க்காலோ தன் வழியாக விட்டது. இந்த வயலில் வந்து நின்ற பிறகு அதன் மேல் யார் பேரும் எழுதியில்லை. நான் அபிக்கு ஊட்டிய சோறு, பாடிய பாட்டு, காய்ச்சலில் உட்கார்ந்த இரவுகள், எதுவும் அவளை விட்டு எங்கேயும் போகப்போவதில்லை. அவள் உடம்பாக, அவள் சிரிப்பாக அது மஸ்கட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் அவள் கலாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொள்ளத் தெரிந்த கை அது. அந்தக் கைக்கு அதைப் பழக்கியது என் கழுத்து.

அன்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, மறித்து வைத்த தண்ணீர். பற்றில்லாத அன்பு என்று உபன்யாசத்தில் சொன்னபோது, ஆசையே இல்லாமல் வறண்டு இருப்பது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியில்லை. முழுசாக நனைந்து, முழுசாக விட்டுவிடுவது. இதைக் கடவுள் தினமும் செய்கிறார் என்று தோன்றியபோது எனக்கு அவர் மேல் முதன்முறையாக இரக்கம் வந்தது. எத்தனை பேரை இப்படி அனுப்பிவிட்டு நின்றிருப்பார்?

"கண்டக்டர்" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பினார். "வேணாம். பாடட்டும்."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். புரிந்தவுடன் அழுகை நின்றுவிடும் என்று எந்த உபன்யாசகராவது சொன்னால் நம்பாதீர்கள். மன்னார்குடி வரை அழுதேன். ஆனால் தஞ்சாவூரில் ஏறும்போது அழுத அழுகை வேறு, இது வேறு. அவர் தன் துண்டைக் கொடுத்தார். அதன் இன்னொரு முனையில் அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சோறு உருட்டும் விதம்

ஜெய்புவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ பல்லவியச் சொன்ன. எனக்குச் சரணத்துலதான் கேட்டுச்சு" என்றேன். அவள் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கும் ஒருநாள் சரணம் கேக்கும்கா. இப்பல்லாம் பல்லவியிலயே நிக்கிறேன்" என்றாள்.

பஸ்ஸில் புரிந்ததை வீட்டில் செய்துகாட்டுவது சுலபமாக இல்லை. வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது. சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

முதல் வெள்ளிக்கிழமை போனில் கலா மட்டும்தான் பேசினாள். அபி போனைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். சாப்பிடுவதில்லை. கலா கிட்டே போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். "நான் தப்புப் பண்ணிட்டேனா அண்ணி?" என்று கேட்டாள்.

அபி எப்படிச் சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள் என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரிந்தது. என்னிடம் மிச்சமிருந்தது அதுதான். அதைச் சொல்லிவிட்டால் நான் வெறும் அத்தை.

"சோத்தைப் பிசையாத, கலா. உருட்டு" என்றேன். "சின்னச் சின்னதா உருட்டித் தட்டுல வரிசையா வை. நீ ஊட்டப் போகாத. ஒண்ணை எடுத்து நீ சாப்பிடு. 'இது என்னுது, யாரும் தொடக் கூடாது'ன்னு சொல்லு. வந்துருவா."

"சரி அண்ணி."

"தூங்குறப்போ முதுகுல தட்டாத. காது மடலைத் தடவிக்கொடு."

"சரி அண்ணி." பேனா எடுத்துவர ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாட்டு ஒண்ணு உண்டு. உனக்குத் தெரியுமா அது?"

தெரியாது என்றாள். அங்கே யாரும் போட்டதில்லையாம். சரி என்று நான் பாடினேன். ஜெய்பு வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, வெளிநாட்டுப் போனில், சினிமாப் பாட்டை. ஜெய்புவின் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெய்பு அவர்களை அதட்டி அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். கலா அந்தப் பக்கம் ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் பாடினாள். அவளுக்குச் சுருதியே கிடையாது. "பச்சையடி"யில் அந்த "டி"யைக் கொஞ்சம் இழுக்கணும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு வாராவாரம் இதுதான். ஜுரம் வந்தால் எப்படி அனத்துவாள், இடி இடித்தால் எங்கே போய் ஒளிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கலாவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குறையும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கலாவும் எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கடலைப் பார்த்து அபி என்ன சொன்னாள், பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்து வைத்தாள் என்று. கலாவும் நானும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசிப் பேசித்தான் சிநேகிதிகள் ஆனோம்.

மாசி மாதமோ பங்குனியோ, அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்ட சமயம். மத்தியானம் ஜெய்பு கொல்லை வழியாக ஓடிவந்தாள். "சீக்கிரம் வாங்க, மஸ்கட்டு." வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஓடினேன்.

ரிசீவரைக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தெரிந்த மூச்சு.

"அபி?"

தூரத்தில் கலா மெல்லச் சொல்லிக்கொடுக்கும் குரல். உடனே அபி அவளைப் பார்த்து, "நீ சும்மா இரும்மா, நானே பேசுறேன்" என்று அதட்டினாள். பிறகு போனுக்குள் வந்து, ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி, "அத்தை, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அத்தை.

நெஞ்சில் எங்கோ ஓர் இடம் வலித்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் கலாவைப் பார்த்து அவள் சொன்ன "ம்மா"வும் எனக்குக் கேட்டுவிட்டது. அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கலா போனை வாங்கி, "அண்ணி, கேட்டுச்சா? உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்போதுதான் முதன்முறையாக அவள் அழுது நான் கேட்டேன்.

"கேட்டுச்சு கலா. நல்லாக் கேட்டுச்சு."

வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. தட்டு நிறையச் சோறு போட்டு, சட்டியில் மிச்சமிருந்த மீன் குழம்பை வழித்து ஊற்றிக்கொண்டு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.